பாடு இல்லாதவன் தோட்டம்

என் தம்பி எனக்குத் துரோகம் செய்தான் என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதை. தெரியாதவர்கள் யாராவது வந்தால் அவனே கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லுவான். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். அவன் சொல்வதெல்லாம் உண்மைதான். ஆனால் அது முழுக்கதை அல்ல. மீதியை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

எங்கள் குப்பம் பழவேற்காட்டு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் மணல்மேட்டில் இருக்கிறது. முன்பக்கம் நின்றால் ஏரிக்கு அக்கரையில் கோட்டைமேல் ஒல்லாந்தர் கொடி தெரியும். பின்பக்கம் போனால் அவர்களுடைய கப்பல்கள் நங்கூரம் போட்டு நிற்பது தெரியும். துணி மூட்டைகள் போகும், அரிசி மூட்டைகள் வரும். எங்களுக்கு அதெல்லாம் பழகிப்போன காட்சி. எங்கள் கவலை ஏரியில் பாடு யாருக்கு என்பது மட்டும்தான்.

பாடு என்றால் முறை. ஏரி யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் இறாலும் மடவையும் தவறாமல் வரும் இடங்கள் சில உண்டு. அங்கே இன்று யார் வலை கட்டுவது, நாளை யார் என்பதற்கு ஓலை நறுக்கில் குறி போட்டு, பானையில் குலுக்கி எடுப்பார்கள். உன் முறை வந்தால் அந்த இடத்தில் இருப்பதையெல்லாம் நீ வாரிக்கொள்ளலாம், ஒருவரும் கேட்கமாட்டார்கள். மறுநாள் அது அடுத்தவன் இடம். நேற்று வாரினாயே, இன்றைக்கு என்ன மிச்சம் என்று அவனும் கேட்கமாட்டான். நீர் ஏறி இறங்கினால் புது மீன் வந்துவிடும். சண்டை இல்லாமல் பல தலைமுறை ஓடியதற்கு இந்த ஏற்பாடுதான் காரணம். அதை நான் குறை சொல்லமாட்டேன்.

ஆனால் அந்தக் குலுக்கலில் பெயர் சேர இரண்டு நிபந்தனைகள் உண்டு. கல்யாணம் ஆகியிருக்க வேண்டும். தண்ணீரில் இறங்கி வலை கட்ட வேண்டும். எனக்கு இரண்டும் வாய்க்கவில்லை. மீசை அரும்பிய வயதில், படகைக் கரையேற்றும்போது அடியில் போட்ட கட்டை உருண்டு என் வலது முழங்காலில் ஏறியது. அக்கரைப் பட்டணத்தில் எலும்பு கட்டும் வைத்தியர் வீட்டில் எட்டு மாதம் கிடந்தேன். திரும்பி வரும்போது எழுதப் படிக்கக் கற்றிருந்தேன், முழங்கால் மட்டும் மடங்கவில்லை. மடங்காத காலுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? நைனா இறந்ததும் அவருடைய பாடு தம்பிக்குப் போயிற்று. அதில் எனக்கு அப்போது வருத்தம் இல்லை.

அந்த எட்டு மாதமும் கட்டிலில் கிடந்தபடி நான் பார்த்துக்கொண்டிருந்தது வைத்தியர் வீட்டுக் கொல்லையைத்தான். அங்கே யாரும் எதையும் வரிசையாக நடவில்லை. பாத்திரம் கழுவிய நீர் போகிற வழியில் பசலை, அதன் நிழலில் ஏதோ பச்சிலை, மேலே அவரைக் கொடி, ஓரத்தில் ஆமணக்கு. ஒன்றின் காலடியில் ஒன்று. உதிர்ந்தது அங்கேயே கிடந்து மக்கும், பெருக்கவே மாட்டார்கள். பூச்சி ஆமணக்கைத் தின்னும், அவரை தப்பிக்கும். வேறு வேலை இல்லாதவனுக்கு இதெல்லாம் கண்ணில் படும்.

ஊருக்கு வந்து, குடிசைகளுக்குப் பின்னால் பூவரச மரங்களை ஒட்டிக் கிடந்த மணலில் தோட்டம் போடுகிறேன் என்றேன். சிரித்துவிட்டார்கள். "மணல்ல கீரை போடறானாம். அப்பால கடல்ல நெல்லு நடுவான்" என்றார்கள். கீரைக்காரன் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். மீன் பிடிப்பவன் ஊரில் கீரை கிள்ளுகிற ஆம்பளையைவிடக் கேலிக்குரியவன் கிடையாது.

முதல் வருஷம் நான் செய்த முட்டாள்தனத்தை இங்கே சொல்லியாக வேண்டும். செடிக்கு மீன் நல்லது என்று கேள்விப்பட்டிருந்தேன். எங்கள் ஊரில் மீனுக்கா பஞ்சம்? கருவாட்டுக் களத்தில் குவிந்து கிடந்த தலையும் குடலும் செதிலும் கூடை கூடையாக அள்ளி வந்து மணலில் புதைத்துவிட்டேன். மீன் என்றால் மீன்தானே என்று நினைத்தேன். அது உப்பில் ஊறிய மீன் என்பது மண்டையில் ஏறவில்லை. பிறந்ததிலிருந்து உப்புக் காற்றில் இருப்பவனுக்கு உப்பு கண்ணில் படாது. ஆறே நாளில் முளைத்ததெல்லாம் நுனி கருகி மடிந்துவிட்டது. கேட்டவர்களிடம் ஆடு மேய்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். கீரைக்காரன் என்ற கேலியே போதும், கருவாட்டுக்காரன் என்ற பட்டமும் வேண்டாம் என்று நினைத்தேன். தம்பியிடமும் அதே பொய்தான். கருவாட்டுக் கழிவு ஒரு மழைக்காலம் முழுவதும் வெளியில் கிடந்து உப்பெல்லாம் போன பிறகுதான் மண்ணைத் தொட வேண்டும் என்பதை அப்படித்தான் கற்றேன். அது எனக்கு மட்டும் தெரிந்த விஷயமாகவே இருந்துவிட்டது.

தம்பி அப்போது எனக்குச் செய்ததை மறைக்கமாட்டேன். மழை முடிந்து ஆறு ஏரியில் கொண்டுவந்து சேர்க்கும் வண்டலை அவன்தான் தன் படகில் அள்ளி வருவான். வலை வேலை முடித்து, கை ஓய்ந்துபோன பிறகு வருவான். "உன் கறுப்புச் சோறு வந்துடுச்சுண்ணா, எறக்கிக்கோ" என்பான். ஆறு வருஷம் அப்படிக் கொண்டுவந்தான். பட்டணத்தில் ஆட்டுச் சந்தை நடத்தும் பாய் ஒருவர் புழுக்கை கொடுப்பார். பச்சை மீன் கழிவு, இறால் ஓடு, நல்ல தண்ணீரில் அலசிய கடல்பாசி, பூவரச இலை என்று ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டே இருந்தேன். தண்ணீருக்கு முழங்கை ஆழத்தில் ஊற்றுத் தோண்டுவேன். மணலில் மேலாக நிற்பது மழைநீர். ஆசைப்பட்டு இன்னும் ஆழமாகத் தோண்டினால் உப்புதான்.

மூன்றாம் வருஷம் ஒரு மண்புழுவைப் பார்த்தேன். ஒரே ஒரு புழு. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு தம்பியின் மனைவியிடம் ஓடினேன், அந்தக் காலோடு. "அய்ய, இதுக்குப் போய் இப்டி ஓடி வர்றியா மாமா?" என்று அவள் முகத்தைச் சுளித்தாள். எனக்கோ பிள்ளை பிறந்த மாதிரி இருந்தது. கல்யாணம் ஆகாதவன் இப்படிச் சொல்வது சிரிப்பாக இருக்கலாம். எனக்கு அப்படித்தான் இருந்தது.

ஆறாம் வருஷம் கையை விட்டால் மணிக்கட்டுவரை கறுப்பு மண். காற்றைத் தடுக்க மேற்கிலும் கிழக்கிலும் துவரையும் ஆமணக்கும். உள்ளே கத்தரி, வெண்டை, மிளகாய். தரையை மூடிக்கொண்டு காராமணியும் பூசணியும், வெயில் மண்ணில் படாது. இடுக்கில் முள்ளங்கி, கீரை. காராமணி காய்த்து ஓய்ந்தால் பிடுங்கமாட்டேன், அறுத்து அங்கேயே போடுவேன். எந்த இடமும் ஒரு நாள்கூட வெறுமையாக இருக்க விட்டதில்லை. ஊரில் எல்லா வீட்டுக்கும் ஒரு கைப்பிடியாவது போகும், பதிலுக்கு நான் மீன் கேட்டதில்லை, அவர்களாகவே கொடுப்பார்கள். ஏரியில் எனக்குப் பங்கு இல்லை. ஆனால் ஊரில் என் இடம் என்று சொல்ல இது இருந்தது. பழைய கேலிப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால்கூட, "இன்னாப்பா?" என்று திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டேன்.

ஏழாம் வருஷம் தை மாதம், ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம் மணலால் அடைபட்டுப்போனது. கடல் நீர் உள்ளே வரவில்லை, மீனும் வரவில்லை. ஏரி நாளுக்கு நாள் சுருங்கியது. பானையில் ஓலை குலுக்கினார்கள், பாடும் கிடைத்தது, வலையில் பாசிதான் வந்தது. கடலுக்குப் போனவர்கள் கொஞ்சம் நெத்திலி கொண்டுவந்து காய வைத்தார்கள். ஊர் வயிறு காய்ந்த அந்த மாதங்களில் என் தோட்டத்தின் கீரையும் பூசணியும் பல வீடுகளில் உலையில் கொதித்தன. நான் கொடுத்தேன். கொடுப்பதில் எனக்குப் பெருமையும் இருந்தது, அதை ஒத்துக்கொள்கிறேன்.

அந்தச் சமயத்தில்தான் கப்பல்களுக்குக் காய் வாங்கும் தரகர் ஒருவர் பட்டணத்திலிருந்து படகில் வந்தார். மாதக்கணக்கில் கடலில் இருந்த ஆட்கள் பச்சையாக எதையாவது கடிக்கத் துடிப்பார்களாம். என் முள்ளங்கியைக் கடித்துப் பார்த்துவிட்டு, இது எவ்வளவு இருந்தாலும் எடுத்துக்கொள்வேன், பதிலுக்கு அரிசி தருகிறேன் என்றார். இடுக்கில் விளைவதைத்தான் தர முடியும் என்றேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார். அரிசி என்ற வார்த்தை மட்டும் ஊரில் தங்கிவிட்டது.

மாசியில் புன்னை மரத்தடியில் ஊர் கூடியது. தோட்டத்தைப் பற்றிப் பேசப்போகிறார்கள் என்று தெரியும். காலையில் தம்பி என்னிடம், "நீ வாயத் தொறக்காதண்ணா. உனுக்குக் கோவம் வந்தா இன்னா பேசுவன்னு உனுக்கே தெரியாது. நான் பார்த்துக்கறேன்" என்றான். எனக்காகப் பேச ஒருவன் இருக்கிறான் என்று நிம்மதியாகப் போய் உட்கார்ந்தேன்.

அவன் எழுந்தான். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டான். "அந்த வண்டல் நம்ப ஏரி வண்டல். என் படகுல வந்துது. அந்த மீன்தலை நம்ப வலை மீன்தலை. மணலு ஊர் மணலு. ஏரிக்குப் பாடு கீதுன்னா இதுக்கும் பாடு வச்சா இன்னா தப்பு? ஒரு வெளைச்சலுக்கு நாலு வூடு. குலுக்கிப் போட்டுக்கலாம்" என்றான்.

கூட்டத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் ஆமாம் என்றார்கள். இவ்வளவு நியாயமான யோசனை நமக்குத் தோன்றவில்லையே என்ற சந்தோஷம் முகங்களில். ஊர்ப் பெரியதனக்காரர் பானையைக் கொண்டுவரச் சொன்னார். ஒவ்வொரு வீட்டுக்கும் ஓலை நறுக்கினார்கள். எனக்கு நறுக்கவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை, பாடு இல்லாதவனுக்கு எப்படி ஓலை வரும்? அந்த மண்ணை உண்டாக்கியவனுக்கு அந்த மண்ணில் முறை கிடையாது என்பது அங்கே ஒருவருக்கும் வேடிக்கையாகக்கூடப் படவில்லை.

நான் வாயைத் திறக்கவில்லை. திறக்காதே என்று சொன்னவன் சொல்லைக் காப்பாற்றிவிட்டேன்.

வீட்டுக்கு வரும் வழியில் தம்பியின் கையைப் பிடித்து நிறுத்தினேன். ஏன்டா என்றேன். அவன் மணலைப் பார்த்துக்கொண்டு, "நான் சொல்லலேன்னா வேற எவனாச்சும் சொல்லியிருப்பான். அப்போ நம்பள முழுசா வுட்டுட்டிருப்பாங்க. எனுக்கு நாலு புள்ளைங்கண்ணா" என்றான். பிறகு நிமிர்ந்து பார்த்து அன்பாகவே சொன்னான்: "உனுக்கு எதுக்குண்ணா தோட்டம்? உனுக்கு நான் சோறு போடமாட்டனா?"

எந்தத் திட்டும் எனக்கு இவ்வளவு வலித்ததில்லை. வண்டல் கொண்டுவந்த ஆறு வருஷமும் அவன் என்னை என்னவாக நினைத்திருந்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. நொண்டி அண்ணன் பொழுதுபோக்க ஏதோ கிளறிக்கொண்டிருக்கிறான். அவ்வளவுதான்.

முதல் நாலு வீட்டுக்காரர்கள் ஏரியில் பாட்டுக்கு இறங்குவது போலவே இறங்கினார்கள். இருப்பதையெல்லாம் வாரினார்கள். துவரையையும் ஆமணக்கையும் அடுப்புக்கு வெட்டினார்கள். காராமணியையும் பூசணியையும் வேரோடு பிடுங்கினார்கள். ஒரு இலை மிச்சமில்லாமல் பெருக்கி, முழுவதும் முள்ளங்கி விதைத்தார்கள். நான் குடிசைக்குள் உட்கார்ந்து சத்தத்தைக் கேட்டேன். முள்ளங்கி என்னமாய் வந்தது! முழங்கை நீளத்துக்கு வந்தது. நாலு வீட்டிலும் அரிசி பொங்கியது. என்னைப் பார்த்து, "பார்த்தியா, நீ தொட்டதுலேயே இம்மாம் பெருசு வந்துதா?" என்றார்கள். ஆறு வருஷத்துச் சோற்றை ஒரே வேளையில் தின்றுவிட்டு ஏப்பம் விடுகிறார்கள் என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

இரண்டாம் முறைக்காரர்களுக்கு முள்ளங்கி விரல் தடிமன்தான் வந்தது, இலையெல்லாம் புழு. ஆமணக்கு இருந்திருந்தால் அந்தப் புழு அங்கே போயிருக்கும். மூன்றாம் முறை ஆனியில் தொடங்கியது. வெறும் மண்மேல் மேற்கத்திக் காற்று அடிக்க, கறுப்பெல்லாம் தூசியாகப் பறந்து கடல் பக்கம் போயிற்று. அப்போது அவர்கள் செய்ததை நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது, சிரித்த பிறகு எரிச்சலும் வருகிறது. பத்து நாள் தோட்டத்துக்குள் யாரும் கால் வைக்கக் கூடாது என்று ஊர்க்கட்டுப்பாடு போட்டார்கள். மீன் குறைந்த இடத்தை அப்படித்தான் விட்டுவைப்பார்கள். நீர் ஏறி இறங்கினால் மீன் வருகிறதே, மண்ணும் வராதா? பத்து நாளும் காத்திருந்தார்கள். பதினோராம் நாள் போய்ப் பார்த்துவிட்டு, "இன்னும் வர்லியே" என்றார்கள்.

நாலாம் முறை தம்பி வீட்டுக்கு வந்தது. கூட இருந்த மூன்று வீட்டுக்காரர்களும் மணலைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டார்கள். தம்பிக்கு வேறு வழி இல்லை. ஆவணியில் ஒரு காலை என் குடிசை வாசலில் வந்து நின்றான். மாசிக்குப் பிறகு அவனோடு நான் முகம் கொடுத்துப் பேசியதில்லை. அவன் வீட்டுச் சோறு வரும், தின்பேன், தட்டைக் கழுவி வைப்பேன்.

"அண்ணா, அந்த மண்ணுக்கு இன்னா போட்டா திரும்ப வரும்?" என்று கேட்டான்.

எனக்குத் தெரிந்ததை ஒழுங்காகத்தான் சொன்னேன். காற்றுக்கு மறைப்பு வை, காராமணி போடு, இலையை மூடு, மீன் கழிவு போடு என்றேன். ஊர் முழுக்க ஏரி மீன் இல்லாத வருஷம், பச்சை மீன் கழிவுக்கு எங்கே போவான்? மறுநாள் வெயில் ஏறும் நேரத்தில் தலையில் கூடையோடு வந்தான். கடற்கரைப் பக்கம் கருவாட்டுக் களத்தில் அந்தக் கோடையில் சேர்ந்த கழிவு. மேலே உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. எனக்கு அது தெளிவாகத் தெரிந்தது. கூடையை இறக்கி என் முன்னால் வைத்தான்.

"இது போடலாமாண்ணா?"

ஒரு வார்த்தை போதும். கூடாதுடா என்று சொல்லியிருக்கலாம். ஆட்டின் மேல் பழி போட்ட கதையைச் சொல்லி இரண்டு பேரும் சிரித்திருக்கலாம். எனக்குப் புன்னை மரத்தடி ஞாபகம் வந்தது. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அவன் எழுந்து நின்றது ஞாபகம் வந்தது. உனக்கு எதற்குத் தோட்டம் என்று அவன் கேட்டது காதில் கேட்டது.

"போடு" என்றேன்.

பதினைந்து நாள் அவனும் அவன் மனைவியும் கூடை கூடையாகச் சுமந்தார்கள். பிள்ளைகளுக்கு அந்தத் தடவையாவது அரிசி கிடைத்துவிடும் என்று பேசிக்கொண்டே சுமந்தார்கள். நான் என் மடங்காத காலை நீட்டி உட்கார்ந்து எல்லாக் கூடையையும் பார்த்தேன். ஒவ்வொரு கூடைக்கும் ஒரு வாய்ப்பு இருந்தது. ஒன்றில்கூட நான் வாயைத் திறக்கவில்லை.

முளைத்தது. ஆறாம் நாள் முள்ளங்கி இலைகள் நுனி கருகின. அந்த வாரத்திலேயே எல்லாம் மடிந்துவிட்டது.

தம்பி என்னைத் தேடி வந்து காலடியில் உட்கார்ந்துவிட்டான். "உன் மண்ண நாங்க கொன்னுட்டோம்ணா. அன்னிக்குக் கூட்டத்துல நான் பேசியிருக்கக் கூடாது. எல்லாம் நான் பண்ண பாவம்" என்று அழுதான். உப்பைப் பற்றி அவனுக்குத் தோன்றவே இல்லை. மூன்று முறை வாரியதில் மண் செத்துவிட்டது என்றுதான் நம்பினான். பாதி உண்மைதான் அது. குற்றுயிராகக் கிடந்ததை முடித்துவைத்தது யார் என்று எனக்குத் தெரியும். அவன் தலையில் கை வைத்து, "போகட்டும் விடு" என்றேன். நான் அவனை மன்னித்தேன்! என்ன துணிச்சல் எனக்கு. அந்த மண் எனக்கு என்ன கெடுதல் செய்தது? தம்பி மேல் இருந்த கோபத்துக்கு அவன் பிள்ளைகளின் சோற்றிலும் என் கையால் வளர்த்ததிலும் உப்பைக் கொட்டவைத்துவிட்டேன்.

ஐப்பசியில் மழை பெயருக்குத்தான் பெய்தது. ஆனால் கடல் பொங்கிய ஒரு நாளில் முகத்துவாரம் திறந்துகொண்டது. இறால் வந்தது. ஊர் தோட்டத்தை மறந்தே போயிற்று. பெரியதனக்காரர் ஆள் அனுப்பி, இனி அதற்குப் பாடு கிடையாது, கீரைக்காரனே வைத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டார். தம்பி அன்றைக்கே படகை எடுத்துக்கொண்டு வண்டலுக்குப் போனான். அந்த வருஷம் வண்டல் அதிகம் சேரவில்லை. எங்கெங்கோ சுற்றி, பாதிப் படகு கொண்டுவந்து இறக்கினான். மறுநாளும் போனான். தன் பாடு வந்த நாளில்கூட வலையைப் பங்காளியிடம் கொடுத்துவிட்டு வண்டலுக்குப் போனான். போதும்டா என்றால், "நான் பண்ணதுக்கு நான்தாண்ணா செய்யணும்" என்பான்.

தோட்டத்தில் மழைக்குப் பிறகு ஒன்றே ஒன்றுதான் தானாக முளைத்தது. உமரிக்கீரை. உப்பு மண்ணைத் தவிர வேறெங்கும் இப்படி மண்டாது. தம்பி மனைவி அதைக் கிள்ளிப் பருப்புப் போட்டுக் கடைந்து சோற்றோடு கொண்டுவந்தாள். தம்பியும் வண்டல் காயாத கையைக் கழுவிக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தான்.

"சாப்ட்டுப் பாரு மாமா. இதுல நான் உப்பே போடல. கீரையிலயே கீது" என்றாள்.

ஒரு வாய் வைத்தேன். நன்றாக இருக்கிறது என்றேன். தம்பிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பார்த்தியா, உன் மண்ணு இன்னும் முழுசா சாவலண்ணா" என்று சொல்லி, தன் தட்டில் இருந்த கீரையையும் எடுத்து எனக்கு வைத்தான்.